நாலாம் நம்பர் ரீடு

சாதிக் பாட்சாவுக்கு முன்பல் மூன்று போன செய்தி போடி முழுக்கப் பரவ அரை நாள்கூட ஆகவில்லை. ஏலக்காய் விலை இறங்கினால்கூட எங்கள் ஊர் அவ்வளவு வேகமாகப் பேசாது. பஜாரில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "எந்தப் பல்லு?" என்றுதான் முதலில் கேட்டார்கள். கடைவாய்ப் பல் என்றால் அப்படியே டீயைக் குடித்திருப்பார்கள். முன்பல் என்றதும் முகம் மாறியது. கிளாரினெட் வாசிக்கிற மனுசருக்கு முன்பல்தான் பிழைப்பு என்பது, அவர் வாசிப்பில் தாலி கட்டிக்கொண்ட ஊருக்குத் தெரியாதா?

போடிமெட்டிலிருந்து ஜீப்பில் இறங்கி வரும்போது நடந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவில் காட்டுமாடு ஒன்று நடுரோட்டில் நின்று, எந்தப் பக்கம் போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். முன்சீட்டில் இருந்த பாட்சாவின் வாய் எதிரே இருந்த கம்பியில் போய் மோதியது. மடியில் இருந்த கிளாரினெட் பெட்டியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்ததால், முகத்தைத் தடுக்க அவருக்குக் கை மிச்சமில்லை. வாயெல்லாம் ரத்தத்தோடு அவர் சொன்ன முதல் வார்த்தை, "பெட்டிக்கு ஒண்ணுமில்லல்ல?" என்பதுதான். அந்த டிரைவர் ஒரு மாதம் இதைச் சொல்லிச் சொல்லியே டீக்கடையில் பொழுதைப் போக்கினார்.

பாட்சாவின் மனைவி ரஹ்மத்துன்னிசா ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிறவள். மலையிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் காயைத் தரையில் கொட்டி, வெடித்தது, வெளுத்தது, சொத்தை என்று பிரித்து, நல்ல காயைச் சல்லடையில் அளவு பார்த்து வைக்கிற வேலை. காலை ஒன்பது மணிக்குச் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மதியம் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பாள். இருபது வருடமாகப் பொறுக்கிப் பொறுக்கி, வீட்டில் கத்திரிக்காய் வாங்கினாலும் அவள் கை தானாகத் தரம் பிரித்துவிடும். பாட்சா அவளுக்கு மாமன் மகன்தான். அதனால் மச்சான் என்று கூப்பிடுகிற உரிமையும், அதட்டுகிற உரிமையும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு.

பல் விழுந்த ஒன்றரை மாதமும் அவருக்கு இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், ஆட்டுக்கால் பாயாவில் ஊறின ரொட்டியும்தான். மனுசர் ஒரு சுற்று பெருத்துக்கூடப் போனார். புண் ஆறியதும் பல் டாக்டர் ரோஸ் நிறத் தகடு ஒன்றில் மூன்று பல்லைப் பதித்து, கழற்றி மாட்டுகிற மாதிரி கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவரை ரஹ்மத்துன்னிசா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பழைய பல்லவிட இது எடுப்பா இருக்கு மச்சான். மறுபடி பொண்ணு பாக்கப் போகலாம்."

"பாக்கலாம். பொண்ணு வீட்ல ஊதிக் காட்டச் சொன்னா என்ன செய்யுறது?"

ஊதிப் பார்த்தபோதுதான் அது சிரிக்கிற விஷயமாக இல்லாமல் போனது. கிளாரினெட்டின் உச்சியில் கறுப்பாகப் பறவை அலகு மாதிரி இருப்பது மவுத்பீஸ். அதன் அடிப்பக்கத்தில் நாணலில் சீவின மெல்லிய பட்டை ஒன்றைக் கவ்வ வைத்திருப்பார்கள், அதுதான் ரீடு. கீழ் உதட்டைக் கீழ்ப்பல் மேல் மடித்து ரீடுக்கு மெத்தை போட வேண்டும். மேல்பல் நேராக மவுத்பீஸின் முதுகில் ஊன்ற வேண்டும். ஊன்றி, ஓரத்தில் காற்று கசியாமல் உதட்டை இழுத்துப் பிடித்து ஊதினால் ரீடு துடிக்கும், சத்தம் பிறக்கும். பாட்சா ஊன்றினார். தகடு ஆடியது. ஊதினார். கீச்சென்று ஒரு சத்தம் வந்து நின்றது.

"முன்னெல்லாம் ஊதுனா பல்லு வழியா ஏறி மண்டைக்குள்ள கிண்ணுனு இருக்கும் ரஹ்மத்து" என்றார், பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. "இப்ப எவனோ பக்கத்து வீட்ல ஊதுற மாதிரி இருக்கு."

"பழகிரும். செருப்பே புதுசுன்னா கடிக்குதுல்ல."

"ரீட மாத்திப் பாக்கணும்" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டாள்.

இரண்டு நாளில் பிரபு வந்தான். பாட்சா இருபத்திரண்டு வருடமாக வாசிக்கும் பேண்டு செட்டு அவனுடையது. அப்பா காலத்துக்குப் பிறகு இவன் எடுத்து நடத்துகிறான். நல்ல பையன், ஆனால் எல்லாவற்றுக்கும் போனைப் பார்ப்பான்.

"பாட்சாண்ணே, தை கடைசி வெள்ளி எஸ்டேட்டு மாரியம்மன். இன்னும் மூணு வாரந்தான் இருக்கு. ஒங்களால முடியுமா முடியாதான்னு பச்சையாச் சொல்லிருங்க. கோவிச்சுக்கிற மாட்டேன்."

பூப்பாறைக்கு முன்னால் மலைச்சரிவில் இருக்கும் அந்த எஸ்டேட்டு திருவிழாவில் ஒரு சங்கதி உண்டு. வேலையாட்கள் குடியிருக்கிற லயத்திலிருந்து முளைப்பாரி கிளம்பி உச்சியில் இருக்கும் கோவிலுக்குப் போகும். வழி முழுக்க ஏலச்செடிதான். கடைசிக் கால் மணி நேர நடை, சோலைக்காட்டு ஓரம். அந்த இடத்தில் யானை நிற்கும். மிரண்டுவிடும் என்று அங்கே கொட்டு அடிக்க விடமாட்டார்கள். டிரம்பெட்டும் கூடாது. காலை மூடுபனியில் முன்னால் போகிறவர் முதுகுகூடத் தெரியாது. அந்த நேரத்தில் பாட்சா ஒருவர் மட்டும் வரிசைக்கு முன்னால் வாசித்துக்கொண்டே நடப்பார். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் இருநூறு பேரும் வருவார்கள். ஒரு வருடம் அவருக்குக் காய்ச்சல். வேறொருவர் வாசித்தார். வரிசையின் வால் பிரிந்து, நாற்பது பெண்கள் முளைப்பாரியோடு பக்கத்து எஸ்டேட்டின் காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே இருந்தவர்கள் சாமி தங்களைத் தேடி வந்துவிட்டதென்று தேங்காய் உடைத்ததெல்லாம் தனிக் கதை.

"இல்லேன்னா ஒண்ணு செய்யலாம்ணே" என்றான் பிரபு. "தோள்ல தூக்குற ஸ்பீக்கர் இருக்கு. போன்ல ஒரு பாட்டப் போட்டு விட்ருவோம்."

"நான் வாசிக்கிறேன்" என்றார் பாட்சா. வெடுக்கென்று வந்தது பதில். இருபத்திரண்டு வருடம் நடந்த இடத்தில் ஒரு டப்பா நடப்பதா என்று அவருக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் அவர் வருடம் முழுக்க மற்ற கல்யாணங்களில் வாசித்தார் என்றுகூடச் சொல்லலாம்.

மறுநாள் காய்க்கடையில் ரஹ்மத்துன்னிசா இதைக் கருப்பம்மாளிடம் சொன்னாள். கருப்பம்மாள் சிலமலைக்காரி, பதினைந்து வருடமாகப் பக்கத்து இடம். அவளுடைய தங்கை அந்த எஸ்டேட்டு லயத்தில்தான் இருக்கிறாள்.

"ரீடுன்னா என்னத்தா, நாயனத்துச் சீவாளி மாதிரியா?"

"ஆமா. அது பழசாப் போச்சுன்னு நெனைக்கேன். அவரா வாங்க மாட்டாரு. இருக்கறத வச்சே ஒப்பேத்துவாரு. எங்கண்ணன் மகன் முபின் மருதையில இருக்கான்ல, அவன்ட்டச் சொல்லிருக்கேன். இப்பத்தான் போன் போட்டுக் கேட்டான், கடையில நம்பர் கேக்குறாங்களாம்."

"நம்பரா?"

"ஒண்ணரை, ரெண்டு, ரெண்டரை, மூணு, நாலுன்னு இருக்காம்."

கருப்பம்மாள் சுளகில் இருந்த காயைச் சிலுப்பிக்கொண்டே யோசித்தாள். சல்லடையில் ஆறு எம்.எம்., ஏழு எம்.எம்., எட்டு எம்.எம். என்று பிரிக்கிற கைகள் இரண்டு பேருக்கும். எட்டில் நிற்கிற காய்தான் ராஜா. ஆறில் விழுவது பாயசத்துக்கு.

"நாலே வாங்கச் சொல்லு" என்றாள். "சின்ன நம்பரத் தலையில கட்டிருவாய்ங்க."

"அதத்தான் நானும் சொன்னேன். இருக்கறதுலயே பெருசாப் பாத்து வாங்குடான்னு."

முபின் போடி ரயிலில் வந்து கொடுத்துவிட்டுப் போனான். பத்து ரீடு அடங்கிய அட்டைப்பெட்டி. அன்று சாயங்காலம் டீயோடு சேர்த்து அதையும் அவர் முன்னால் வைத்தாள். மனசுக்குள் அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அவர் தொழிலுக்கென்று அவளாக வாங்கிக் கொடுத்த முதல் பொருள் அது.

பாட்சா பெட்டியைத் திருப்பினார். நாலு என்று போட்டிருந்தது. அவர் ஆயுசில் ரெண்டரைக்கு மேல் ஊதியதில்லை. நம்பர் ஏற ஏற ரீடு தடிக்கும். தடித்ததைத் துடிக்க வைக்கக் கடியும் வேண்டும், மூச்சும் வேண்டும். ஆடுகிற பல்லை வைத்துக்கொண்டு அவருக்கு ரெண்டே அதிகம்.

"இதுதான் இருக்கறதுலயே பெருசு மச்சான். இத யாரும் வந்து கேக்குறதே இல்லன்னு கடைக்காரரே சொன்னாராம். முபின் உள்ள போயித் தேட வச்சு வாங்கிட்டு வந்துருக்கான்."

கேட்கமாட்டார்கள்தான். பாட்சா அவள் முகத்தைப் பார்த்தார். சொல்ல வாயெடுத்தவர் டீயைக் குடித்தார்.

"சரியா வாங்கிருக்க ரஹ்மத்து" என்றார்.

கிறுக்குத்தனம்தான், வேறென்ன சொல்வது. அடுத்த பத்து நாள் அந்த மனுசர் நாலாம் நம்பரோடு மல்லுக்கட்டினார். காலையில் அவள் சோறாக்கும்போது ஊதினால் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. அவள் வேலைக்குப் போனபின் கொல்லையில் உட்கார்ந்து உப்புத்தாளில் ரீடைத் தேய்த்தார். ஒன்று நுனி பிய்ந்தது. இன்னொன்று ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கோணியது. மீதியை அப்படியே ஊதினார். பொய்ப்பல் தகடு ஈறில் உரசிப் புண்ணாக்கியது. கீழ் உதட்டின் உள்பக்கம் பல் பதிந்து கிழிந்தது. தலையணை உறையில் ரத்தக்கறையை ரஹ்மத்துன்னிசா பார்த்தாள். கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, பழகுது" என்றார்.

அவள் மூன்று நாள் பொறுத்தாள். நாலாம் நாள், இருக்கிறதிலேயே நல்ல ரீடு வாங்கிக் கொடுத்தும் சத்தம் வரவில்லையென்றால் வாய்தான் போய்விட்டது என்று அவளாகவே முடிவு கட்டினாள். காய்க்கடைக்குப் போகிற வழியில் பிரபுவின் பேண்டு ஷெட்டு முன்னால் நின்றாள்.

"தம்பி, அவரால முடியாது. கேட்டா முடியும்பாரு. நீயா வேற ஏதாவது சோலி குடுத்துரு. நான் சொன்னேன்னு சொல்லாத" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். அன்று அவள் பொறுக்கிய காயில் வெடித்ததும் நல்லதும் கலந்து கிடந்ததைக் கருப்பம்மாள்தான் சத்தம் போடாமல் சரி செய்தாள்.

பிரபுவுக்கு ரகசியம் காக்கத் தெரியாது. சாயங்காலமே வந்து நின்றான்.

"பாட்சாண்ணே, இந்தத் தடவ நீங்க ஜால்ரா பிடிங்க. அந்த எடத்துக்கு நான் ஸ்பீக்கரு வச்சுக்கறேன். அக்கா எல்லாத்தையும் சொன்னாங்க."

அவன் போனதும் ரஹ்மத்துன்னிசா மிக்சியைப் போட்டாள். பாட்சா போய் அதை நிறுத்தினார்.

"என் வாயி போச்சுன்னு ஒனக்கு யாரு சொன்னது?" என்றார் பாட்சா.

"யாரு சொல்லணும்? எனக்குக் கண்ணு இல்லையா? ரத்தம் வர வர ஊதுவீங்க, நான் பாத்துக்கிட்டே வெங்காயம் உரிக்கணுமா?"

"அதுக்கு ஊர்ல போயி சொல்லுவியா? இருபத்திரண்டு வருசம் ஊதுனவன் கையில ஜால்ராவக் குடுக்க வச்சுட்டியே."

"ஜால்ரா பிடிச்சா என்ன கொறஞ்சா போயிரும்? நீங்க முழுசா இருக்கணும் எனக்கு. நல்ல ரீடு போட்டும் சத்தம் வரலன்னா வேற என்னன்னு நெனைக்கிறது?"

"நல்ல ரீடா?" என்றவர் நிறுத்தினார். நிறுத்த முடியவில்லை. "அது நாலு நம்பரு ரஹ்மத்து."

"ஆமா, நாலு நம்பரு. அதுக்கென்ன?"

"இதுல நம்பரு தரம் இல்ல. கனம். நான் பல்லு இருந்தப்பவே ரெண்டரைதான் ஊதுவேன். நாலாம் நம்பர எல்லாரும் ஊத முடியாது. எனக்கு அது பலகை."

ரஹ்மத்துன்னிசா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். கையில் கரண்டி. முகம் சிவந்து, கண் கலங்கி, பிறகு கோபம் தலைக்கேறியது. அழுகை வரும்போதெல்லாம் கோபத்தை முன்னால் அனுப்புகிற ரகம் அவள்.

"தெரிஞ்சும் எதுக்கு வாயில வச்சீங்க?"

"நீ வாங்கிட்டு வந்தது."

"நான் விசத்த வாங்கிட்டு வந்தாலும் குடிப்பீங்களா?"

"நீ அம்புட்டு ஆசையாக் குடுத்த. எப்படிச் சொல்லுறது?"

"தப்புன்னா தப்புன்னு சொல்லணும்! சொத்தக் காயி ஒண்ணு நல்ல காயில விழுந்தா எங்க மேஸ்திரி என் ஆசையப் பாத்தா சும்மா விடுறாரு? மூஞ்சிக்கு நேரா எடுத்துக் காட்டுவாருல்ல?" என்றவள் சட்டென்று நிறுத்தி, "பத்து நாளா? பத்து நாளா அந்தப் பலகைய ஊதுனீங்களா?" என்று கேட்டாள்.

"ரெண்ட தேச்சே ஒடச்சுட்டேன். கொல்லையில பொதச்சு வச்சுருக்கேன்."

அவள் முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு அடக்கமாட்டாமல் சிரித்தாள். அவரும் சிரித்ததில் தகடு கழன்று மடியில் விழ, இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் அவள்தான் கேட்டாள், "இன்னும் ஒம்போது நாளு இருக்கு. யாருட்டப் போகணும்?"

கண்ணுச்சாமியிடம் போனார்கள். பஜாரின் ஒரு முடுக்கில் ஆர்மோனியம், டிரம்பெட், கிளாரினெட் எல்லாம் ரிப்பேர் பார்ப்பவர். பாட்சாவோடு ஒன்றாகப் படித்தவர். நாலாம் நம்பர் கதையைக் கேட்டதும் பாட்சாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒனக்குப் பல்லு மட்டுந்தான் போச்சுன்னுல்ல நெனைச்சேன். மவுத்பீசக் கொண்டா."

பழைய மவுத்பீஸை வெளிச்சத்தில் தூக்கி, நுனிக்கும் ரீடுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைக் காட்டினார். ரஹ்மத்துன்னிசாவும் எட்டிப் பார்த்தாள்.

"பாத்தியாம்மா, இது வாயி அகலம். சத்தம் தெருவே அதிரும். ஆனா அவ்வளவு தூரம் ரீட அமுக்கணும். பல்லு கெட்டியா இருந்தாத்தான் ஆகும். அகலத்துக்கு மெலிசு ரீடு, ஒடுக்கத்துக்குக் கனத்த ரீடு. இவன் அகலத்துலயும் போட்டு, கனத்தையும் போட்டு, ஆடுற பல்ல வச்சுக் கடிச்சுருக்கான்."

துண்டை விரித்து மூன்று மவுத்பீஸ் எடுத்து வைத்தார். பாட்சாவின் கை, தங்க வளையம் போட்டிருந்த ஒன்றுக்கு நேராகப் போனது.

"அழகப் பாக்காத" என்றார் கண்ணுச்சாமி. "மாப்ளைக்கா பொண்ணு பாக்குறோம்? வாய்க்குப் பாக்குறோம்."

தங்க வளையத்தை ஊதியதில் ஓரத்தில் காற்று சீறியது. இரண்டாவது ரொம்ப ஒடுக்கம். சத்தம் வந்தது, ஆனால் மூக்கடைத்த மாதிரி. மூன்றாவது பார்க்க ஒன்றுமில்லை. விளிம்பெல்லாம் தேய்ந்து சாம்பல் பூத்திருந்தது. ஆனால் அதன் முதுகுச் சரிவு தாழ்வாக இருந்ததால் வாயை அவ்வளவு திறக்க வேண்டியிருக்கவில்லை. இடைவெளியும் நடுத்தரம். முதுகில் சைக்கிள் டியூப்பில் சின்னத் துண்டு வெட்டி ஒட்டிப் பார்த்தார் கண்ணுச்சாமி. அப்படியும் ஊன்றும்போது தகடு அசைந்தது.

"அந்தப் பல்ல நம்பாத பாட்சா. மேல் உதட்டையும் உள்ள மடக்கு. ரெண்டு பக்கமும் உதடே பிடிக்கட்டும்."

"ரெண்டு உதட்டையுமா? அஞ்சு நிமிசத்துல கழண்டுரும்."

"கழளும். ஒம்போது நாளு இருக்குல்ல. கடிச்சுப் பிடிக்கிறது வேற, தாங்கிப் பிடிக்கிறது வேற. தாங்கிப் பாரு."

ரெண்டாம் நம்பர் ரீடுப் பெட்டி ஒன்றைப் பிரித்தார். பத்தும் ஒரே நம்பர் என்றாலும் நாணல் நாணல்தானே, ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. ஒவ்வொன்றாக மாட்டிக் கழற்றிப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும். ரஹ்மத்துன்னிசா மேஜை மேல் செய்தித்தாளை விரித்தாள்.

"எப்படி இருந்தா நல்லதுன்னு மட்டும் சொல்லுங்கண்ணே. பிரிச்சுத் தர்றேன்."

வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் நிழல் விழ வேண்டும், இரண்டு ஓரமும் ஒரே அளவாக மெலிந்து போக வேண்டும், நுனி நெளியக் கூடாது என்றார் கண்ணுச்சாமி. ஐந்து நிமிடத்தில் அவள் பத்தையும் மூன்று வரிசையாக்கிவிட்டாள். நல்லது நான்கு, சுமார் மூன்று, கழிவு மூன்று. கண்ணுச்சாமி சரிபார்த்துவிட்டு, "நாளைக்கே கடைக்கு வந்துரும்மா" என்றார்.

நான்கில் மூன்று நன்றாகப் பேசியது. ஒன்று ஊமை. பாட்சா சும்மா இருக்கமாட்டாமல் கழிவிலிருந்தும் ஒன்றை எடுத்தார். பழுப்புப் புள்ளி விழுந்திருந்தது என்று அவள் ஒதுக்கியது.

"அது புள்ளி விழுந்தது மச்சான், கழிச்சாச்சு."

அவர் அதை நனைத்து மாட்டி, இரண்டு உதட்டையும் மடித்து ஊதினார். கடையில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு தபேலாத் தோல் மெல்ல அதிர்ந்தது. பழைய கூர்மை இல்லை. உருண்டு, இதமாக, தொண்டையிலிருந்து பாடுகிற மாதிரி ஒரு குரல்.

"காயிதான் புள்ளி விழுந்தாக் கழிவு" என்றார் பாட்சா, வாயிலிருந்து எடுத்து.

"சரி சரி, ஒங்க ரீடு, ஒங்க வாயி. அதையே வச்சுக்கங்க" என்றாள் அவள். ஒரு காய் தப்பினதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனால் ஒரு கேள்வி நின்றது. சத்தம் முன்பைவிடச் சின்னது. மலையில், பனியில், இருநூறு பேர் வரிசையில் கடைசிவரை போகுமா? தெருமுனையில் அவளை நிறுத்திவிட்டு ஊதிப் பார்த்தார்கள். காய் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனதில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணுச்சாமி கைவிரித்தார். "பக்கத்துல பெருசாக் கேக்குறது தூரமாப் போகும்னு இல்ல. சின்னதாக் கேக்குறது போகாதுன்னும் இல்ல. மலையிலதான் தெரியும்." பிரபுவும் அதைத்தான் சொன்னான். ஸ்பீக்கரைப் பையில் போட்டு எடுத்து வருவேன், நடுவில் சத்தம் தேய்ந்தால் போனைத் தட்டிவிடுவேன், அதற்கு மேல் பேச்சில்லை.

ஒன்பது நாளும் பாட்சா உதட்டுக்குத்தான் வேலை கொடுத்தார். முதல் நாள் மூன்று நிமிடம், அப்புறம் ஏழு, அப்புறம் பன்னிரண்டு. ரஹ்மத்துன்னிசா அடுப்படியிலிருந்தே போனில் நேரம் பார்த்துச் சொன்னாள். புண் ஆறியது. எட்டாவது நாள் பதினாறு நிமிடம் தாங்கியது.

வெள்ளி விடிகாலை ஜீப்பில் போனார்கள். கருப்பம்மாளின் தங்கை முளைப்பாரி எடுக்கிறாள் என்று சாக்கு சொல்லி ரஹ்மத்துன்னிசாவும் கருப்பம்மாளோடு லீவு போட்டு ஏறிக்கொண்டாள். லயத்தில் எல்லோருக்கும் பால் விடாத கட்டஞ்சாயாவும் அவித்த கப்பைக்கிழங்கும் கொடுத்தார்கள். பாட்சா கப்பையைத் தொடவில்லை. ரீடு காயாமல் இருக்க வாயில் அதக்கிக்கொண்டிருந்ததால் பேசவும் இல்லை. பிரபு வந்து, "அண்ணே, ஓகேவா?" என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

கொட்டும் குலவையுமாகக் கிளம்பி, ஏலச்செடிகளுக்குள் ஒற்றையடிப் பாதையில் ஏறினார்கள். செடியில் தேங்கிய பனி எல்லோரையும் நனைத்தது. சோலை ஓரத்தில், கூட வந்த காட்டிலாகா வாட்சர் கையை உயர்த்தினார். "இவிட முதல் கொட்டு வேண்டா, கேட்டோ" என்று, இங்கிருந்து கொட்டு வேண்டாம் என மலையாளத்தில் சொன்னார். டிரம்முகள் நின்றன. திடீரென்று மலை ரொம்பப் பெரிதாகிவிட்டது.

பாட்சா வாயை மடித்தார். ஒரு பழைய தாலாட்டு மெட்டை எடுத்தார். அவசரப்படவில்லை, அழுத்தவும் இல்லை. இரண்டு அடிக்கு ஒரு மூச்சு. பக்கத்தில் நடந்த பிரபுவின் கட்டைவிரல் போன் மேலேயே இருந்தது. பின்னால் பனிச் சுவர்தான். வருகிறார்களா, நின்றுவிட்டார்களா, பக்கத்து எஸ்டேட்டுக்குப் போய்விட்டார்களா, ஒன்றும் தெரியாது. பத்து நிமிடத்தில் மேல் உதடு மரத்தது. பன்னிரண்டில் கன்னம் நடுங்கியது. அவர் கடிக்கவில்லை. தாங்கினார்.

கோவில் மேட்டில் கால் வைத்ததும் வாத்தியத்தை இறக்கி, முழங்காலில் கையூன்றி நின்றார். பனிக்குள்ளிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். முதலில் பூசாரி, பிறகு ஆண்கள், பிறகு முளைப்பாரிகள். பிரபு எண்ணிக்கொண்டிருந்தான். கருப்பம்மாளின் தங்கை வந்தாள், கருப்பம்மாள் வந்தாள். பின்னால் கிழவிகள் இரண்டு பேர் வந்தார்கள். அப்புறம் யாரும் வரவில்லை.

"ரஹ்மத்து எங்க?" என்றார் பாட்சா. உதடு மரத்திருந்ததால் வார்த்தை குழறியது.

கருப்பம்மாள் திரும்பிப் பார்த்துத் திகைத்தாள். "எங்கூடத்தாண்ணே வந்தா. சோலைகிட்ட வரைக்கும் கையப் பிடிச்சுருந்தா."

பாட்சா வந்த வழியே திரும்பினார். இறங்கப் போனவரை வாட்சர் பிடித்து நிறுத்தினார். அப்போது பனி விலகி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேலை முழங்கால்வரை நனைந்து, மூச்சு வாங்க ஏறி வந்தாள் ரஹ்மத்துன்னிசா. முகமெல்லாம் சிரிப்பு.

"எங்கடி போன? உசுரே போயிருச்சு" என்றார் அவர்.

"எல்லாரையும் முன்னால போக விட்டுட்டு வேணும்னேதான் நின்னேன் மச்சான். கடைசி ஆளு நான்தான். ஒரு எடத்துல பாதை ரெண்டாப் பிரிஞ்சுச்சு. சுத்தி ஒரு மனுசரும் கண்ணுக்குத் தெரியல. காதக் குடுத்தேன், வந்துட்டேன்."